இருக்கிறது, ஆனால் இல்லை!

இரவு 10 மணி.

நாளைக் காலையில் புதிய இணையதளம் ஒன்றைத் திறந்து வைக்கப் போகிறார்கள். அதைத் தயாரித்த இளைஞர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இருக்கிறார். கடைசியாக ஒரு முறை முகப்புப் பக்கத்தைத் திறக்கிறார்.

பக்கம் வரவில்லை. "டெம்பிளேட் டஸ் நாட் எக்சிஸ்ட்" என்ற வாசகம்தான் வருகிறது. "டெம்பிளேட் இல்லை" என்று அதற்குப் பொருள்.

இளைஞருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. "இதோ, என் கண் எதிரே இருக்கிறதே! இல்லை என்று எப்படிச் சொல்கிறது?"

"ஜாங்கோ" மூலம் இணையதளம் செய்யப் பழகுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் இருப்பார்கள்.

பத்திரிகை ஆபீசில் பிறந்தது

ஜாங்கோ என்பது என்ன?

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. "லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு" அந்த ஊர்ப் பத்திரிகை. 2003-ம் ஆண்டில் அதன் இணையதளப் பிரிவில் அட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இளைஞர்கள் வேலை பார்த்தார்கள்.

பத்திரிகை வேலை என்றால் எப்போதும் அவசரம்தான். புதிய பகுதி வேண்டும் என்பார்கள். சில மணி நேரத்தில் அது தயாராக வேண்டும்!

ஒவ்வொரு தடவையும் அஸ்திவாரத்தில் இருந்து கட்டினால் முடியுமா? ஆகவே, எல்லா இணையதளங்களுக்கும் தேவைப்படும் பொது வேலைகளைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டார்கள். அதுவே ஜாங்கோ. 2005-ம் ஆண்டு ஜூலையில் அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் மேதையின் பெயரை அதற்கு வைத்தார்கள். தீ விபத்தில் இடது கையின் 2 விரல்கள் பயன் இல்லாமல் போன பிறகும் கிதார் வாசித்துப் புகழ் பெற்றவர் அவர்.

கல்யாணப் பத்திரிகை மாதிரி

டெம்பிளேட் என்பது கல்யாணப் பத்திரிகையின் மாதிரி போன்றது. அச்சகத்தில் மாதிரி தயாராக இருக்கும். மணமகன், மணமகள் பெயர், நாள், இடம் எல்லாம் காலியாக விட்டிருக்கும். அவற்றை நிரப்பினால் பத்திரிகை தயார்.

ஜாங்கோவும் அப்படித்தான் டெம்பிளேட்டை எடுத்து, விவரங்களை நிரப்பிப் பக்கமாக அனுப்புகிறது. எடுக்க முடியாவிட்டால் வேலை நின்றுவிடும்.

சொன்ன இடத்தில்தான் தேடும்

"பரண்மேல் பார். அங்கே இல்லாவிட்டால் அலமாரியில் பார்" என்று பாட்டி பேரனிடம் சொல்கிறாள். பொருளோ திண்ணையில் இருக்கிறது. பேரன் இரண்டு இடமும் பார்த்துவிட்டு, "இல்லை பாட்டி" என்கிறான். அவன் சொல்வது பொய்யா?

ஜாங்கோவும் அந்தப் பேரனைப் போலத்தான். "செட்டிங்ஸ்" என்ற கோப்பில் எந்த இடங்களைக் குறித்திருக்கிறோமோ, அங்கே மட்டுமே தேடும். முதலில், "டிர்ஸ்" என்ற பட்டியலில் உள்ள போல்டர்களைப் பார்க்கும். பிறகு, "ஆப் டிர்ஸ்" என்பதற்கு "ஆம்" என்று குறித்திருந்தால், இணையதளத்தின் ஒவ்வொரு பிரிவிலும் "டெம்பிளேட்ஸ்" என்ற போல்டர் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கும். இந்தப் பிரிவுகளுக்கு "ஆப்" என்று பெயர். "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" பட்டியலில் உள்ள வரிசைதான் தேடும் வரிசை. முதலில் எது கிடைக்கிறதோ, அதோடு தேடுவதை நிறுத்திவிடும்.

போஸ்ட்மார்ட்டம் அறிக்கை!

பயந்து போனவர்கள் கோப்பை அங்கே ஒரு நகல், இங்கே ஒரு நகல் என்று போட்டு வைக்கிறார்கள். குழப்பம்தான் கூடுகிறது.

செய்ய வேண்டியது என்ன? திரையில் வந்த பிழைப் பக்கத்தையே முழுவதும் படிக்க வேண்டும். அதில் "டெம்பிளேட் லோடர் போஸ்ட்மார்ட்டம்" என்று ஒரு பகுதி உண்டு. ஜாங்கோ எங்கெங்கே போய்த் தேடியது என்று அதில் வரி வரியாக இருக்கும்.

கோப்பு உள்ள போல்டர் அதில் இருக்கிறதா? இருந்தால் கோப்பின் பெயரில் எழுத்துப் பிழை. இல்லையென்றால் செட்டிங்ஸில் தவறு. அல்லது போல்டரின் பெயரில் தவறு. "டெம்பிளேட்ஸ்" என்பதில் கடைசி எழுத்தை விட்டிருக்கலாம். புதிய ஆப்பைப் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகை. விண்டோஸ் கம்ப்யூட்டர் பொதுவாக இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் விடாது! வீட்டில் ஓடிய தளம் சர்வருக்குப் போனதும் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தம் போடாத பிழை

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இரண்டு ஆப்களில் ஒரே பெயரில் டெம்பிளேட் இருந்தால், பட்டியலில் முதலில் உள்ள ஆப்பின் டெம்பிளேட்தான் வரும். பிழைச் செய்தி வராது. தவறான பக்கம் வரும்! யாரும் கவனிக்காமல் பல நாள் ஓடலாம்.

ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால் கடிதத்தில் வீட்டு எண்ணையும் எழுதுகிறோம் அல்லவா? அதுபோல, "டெம்பிளேட்ஸ்" போல்டருக்குள் ஆப்பின் பெயரில் இன்னொரு போல்டர் வைத்து, அதற்குள் கோப்பை வைக்க வேண்டும். அழைக்கும்போது அந்தப் பெயரையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை! போஸ்ட்மார்ட்டம் பக்கம் தயாரிப்பவரின் கண்ணுக்கு மட்டுமே. பொதுமக்களுக்குத் திறந்த தளத்தில் "டீபக்" என்ற வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வழிகள், நிரல் வரிகள் எல்லாம் அந்நியர் கண்ணில் படும். திருடனிடம் வீட்டின் வரைபடத்தைக் கொடுத்த கதைதான்!

அந்த இளைஞர் என்ன ஆனார்? அறிக்கையை நிதானமாகப் படித்தார். அவருடைய ஆப்பின் போல்டர் அதில் இல்லவே இல்லை. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தார். முகப்புப் பக்கம் வந்துவிட்டது!

கோப்பு எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்தால் போதாது. தேடுகிறவனுக்குச் சொல்லி இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.