இரு குருவிகளின் கணக்கு

1987 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் சொந்தமான விலங்கியல் பூங்காவில் ஓர் ஆண் குருவி இறந்தது. காலில் அணிவித்திருந்த வளையத்தின் நிறத்தைக் கொண்டு அதை ‘ஆரஞ்சு பேண்ட்’ என்று அழைத்தனர். ‘டஸ்கி’ எனப்பட்ட கரிய கடலோரச் சிட்டுகளில் அதுவே கடைசி. நம் வீட்டு முற்றத்துச் சிட்டுக்குருவியோ அதே ஃபுளோரிடாவில் இன்றும் சர்வ சாதாரணம். இரண்டும் பாடும் பறவைகளே. ஆனால் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

பொருளியல் கற்பித்த காலத்தில், ஒரே தொழிலில் தேர்ச்சி பெறுவதன் ஆதாயத்தை ஆடம் ஸ்மித்தைக் கொண்டு விளக்குவேன். அதன் ஆபத்தை விளக்க டஸ்கியை விடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. மெரிட் தீவிலும் அருகிலுள்ள செயின்ட் ஜான்ஸ் ஆற்றுச் சதுப்பிலும் மட்டுமே அது வாழ்ந்தது. ஈரத்தரையை ஒட்டிய புற்களில் கூடு கட்டி, பூச்சிகளையும் சிலந்திகளையும் உண்டது. அந்தச் சதுப்பு இருந்தவரை அதற்கு ஒரு குறையுமில்லை.

குறை வந்தது கொசுவால். 1940-களில் டிடிடி தெளித்தார்கள். உவர்ச் சதுப்புக் கொசு ஈரமண்ணில்தான் முட்டையிடும், தேங்கிய நீரில் இடாது. எனவே, பின்னர் மெரிட் தீவில் கரை கட்டி நீரைத் தேக்கினார்கள். கொசு குறைந்தது, பக்கத்தில் விண்வெளி ஏவுதளம் வளர்ந்தது, குருவியின் புல்வெளி மூழ்கியது. ஆற்றுச் சதுப்பில் நேர்ந்தது இதற்கு மாறானது: மேய்ச்சலுக்காகவும் சாலைக்காகவும் நீரை வடித்தார்கள். காய்ந்த புல்லில் தீ பரவியது. 1971-இல் சரணாலயம் அமைந்தது. 1975-க்குப் பிறகு பெண் குருவி எதுவும் தென்படவில்லை. 1980-க்குள் பிடிபட்ட ஐந்தும் ஆண்கள்.

இதில் வில்லன் எவருமில்லை என்பதே என்னை உறுத்துகிறது. கொசு ஒழிப்பு, ஏவுதளம், சாலை என ஒவ்வொன்றின் வரவு–செலவும் தனித்தனியே ஆதாயத்தையே காட்டியிருக்கும். குருவிக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. டஸ்கி தனி இனமல்ல, உள்ளினம் மட்டுமே. 1989-இல் வெளியான மரபணு ஆய்வு, அதற்கும் பிற அட்லாண்டிக் கரைச் சிட்டுகளுக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்றது. ஆனாலும் இழப்பை வெறும் பெயர்ச் சிக்கலாக நான் கருதவில்லை.

சிட்டுக்குருவியின் வரலாறு நேர் எதிரானது. 1850-களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இங்கிலாந்திலிருந்து நியூயார்க்கிற்குக் கொண்டுவரப்பட்டது. பூச்சியை ஒழிக்க ஒரு குருவியை வரவழைத்த நாடு, பூச்சியை ஒழிக்கப்போய் இன்னொன்றை இழந்தது! தானியம், சிந்திய சோறு, ஓட்டு இடுக்கு, கடைப் பலகையின் பின்புறம் என எது கிடைத்தாலும் சிட்டுக்குருவி பிழைத்துக்கொள்ளும்.

அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. அது புறப்பட்டுப் போன அதே பிரிட்டனில், எண்ணிக்கை வெகுவாகச் சரிந்ததால், 2002 முதல் சிட்டுக்குருவி சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.