குன்னூர் ஊசியும் ஜெனீவா முத்திரையும்

அவலாஞ்சிக்குச் சுற்றுலா போனவர்களுக்கு அங்குள்ள ட்ரவுட் மீன்குஞ்சு பொரிப்பகம் நினைவிருக்கும். துரைமார்கள் தூண்டில் போட மீன் வேண்டுமே என்று 1907-ல் தொடங்கியது அது. அதே ஆண்டு, அதே நீலகிரியில், குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் தொடங்கியது. நாய்க்கடிக்கு மருந்து செய்யும் பாஸ்டியர் நிலையம். சுற்றுலா வண்டிகள் நிற்காத இந்த இடத்தில்தான் நம் கதை.

1902-ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். தெற்கே இருப்பவர்களுக்கு அன்று சிகிச்சை வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் கசௌலி வரை ரயிலேற வேண்டும். அமெரிக்க இரும்பு முதலாளி ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு குன்னூருக்கு வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானம், அமெரிக்கப் பணம், பிரிட்டிஷ் அதிகாரம். உள்ளூர்க்காரர்களுக்கோ அது நாய்க்கடி ஆஸ்பத்திரி.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஒரு தலைமுறையே நடுங்கியதே, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. குன்னூரிலும் அதைச் செய்தார்கள். பிறகு செல் வளர்ப்பு முறைக்கு மாறினார்கள். இதற்கிடையே குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியும் இங்கே தயாராகி, நாடு முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போனது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்கும் ஒரே ஊசி.

2008 ஜனவரியில் இந்தத் தயாரிப்பு நின்றது.

குன்னூர், கசௌலி, சென்னை கிண்டியில் உள்ள பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தயாரிப்பு உரிமத்தையும் மத்திய அரசு ஒரே நேரத்தில் நிறுத்திவைத்தது. நல்ல உற்பத்தி முறை விதிகளை அவை நிறைவேற்றவில்லை என்பது காரணம். காரணம் பொய்யில்லை. கட்டடங்கள் பழசு, கருவிகளும் பழசு. ஆனால் அவற்றைப் புதுப்பிக்கப் பணம் தர வேண்டியவர் யார்? அதே மத்திய அரசு. பிள்ளைக்குச் சோறு போடாமல் வைத்திருந்துவிட்டு, மெலிந்துவிட்டான் என்று வீட்டை விட்டு அனுப்பிய கதைதான்.

சரி, பல ஆண்டு சும்மா இருந்தவர்களுக்கு அப்போது மட்டும் ஏன் அவசரம்? இங்கேதான் ஜெனீவா வருகிறது. அங்கே தலைமையகம் கொண்ட உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசித் தொழிற்சாலையை மட்டும் சோதிப்பதில்லை. அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பையும் எடைபோடுகிறது. அந்த அமைப்பு தேறாவிட்டால், அந்த நாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி முத்திரை போய்விடும். முத்திரை இல்லாத ஊசியை யுனிசெஃப் வாங்காது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக யுனிசெஃப் மொத்தமாக வாங்கும் ஊசிகளில் பெரும்பங்கு இந்தியத் தனியார் நிறுவனங்களுடையது. சொந்த ஆலைகளைக் கண்டுகொள்ளாமல் விடும் அரசை ஜெனீவா எப்படி நம்பும்? ஏற்றுமதி முத்திரையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும், ஒரு ஆலையைச் சீர்செய்தபடியே நடத்தலாம் என்ற வழி இருந்தது. மூடுவது டெல்லியின் முடிவு.

விளைவு சீக்கிரம் தெரிந்தது. தனியாரிடம் கூடுதல் விலைக்கு வாங்க நேர்ந்தது, தட்டுப்பாடும் வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்னாள் சுகாதாரத் துறைச் செயலர் ஜாவித் சௌத்ரி தலைமையில் குழு அமைத்தார்கள். 2010 பிப்ரவரியில் தடை நீங்கியது. புதிய விதிகளுக்கு ஏற்ற ஆலையைக் கட்டும் வேலை அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கொரோனா வந்தபோது, ஏற்றுமதியா உள்நாட்டுத் தேவையா என்ற அதே கேள்வி பெரிதாகத் திரும்பியது. 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில், கொரோனா தடுப்பூசிகளுக்குக் காப்புரிமைத் தளர்வு கேட்டன. 2021 மார்ச்சில், உள்நாட்டுத் தேவைக்காக, புனே சீரம் நிறுவனத்தின் தடுப்பூசி ஏற்றுமதியை இந்தியாவே பிடித்து வைத்தது. ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி பகிர்ந்தளிக்கும் கோவாக்ஸ் திட்டத்தை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் காத்துக் கிடந்தன. ஜெனீவாவில் தாராளம் கேட்ட நாடும், புனேயில் கதவைச் சாத்திய நாடும் ஒன்றே.

அந்த நேரத்தில் செங்கல்பட்டில், எச்.எல்.எல். பயோடெக் என்ற பொதுத்துறை நிறுவனத்துக்காக நூறு ஏக்கரில் கட்டிய தடுப்பூசி வளாகம் சும்மா கிடந்தது. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அலை ஓய்ந்தது. அங்கிருந்து ஒரு குப்பி கொரோனா தடுப்பூசிகூட வெளியே வரவில்லை.