கண்ணோடு சேர்த்துத் தின்ன வேண்டிய மீன்

மீன் குழம்பில் தலைத் துண்டு வந்தால் அதை அப்பா தட்டுக்குத் தள்ளிவிடும் பிள்ளைகள் நம்மில் பலர். வங்காளதேசத்துக் குளங்களில் வாழும் மோலா என்ற மீனிடம் அந்தப் பழக்கம் செல்லாது. அதன் தலையை எறிந்தால் முக்கியச் சத்தையே எறிந்ததாகிவிடும்.

மோலா விரல் நீளமே இருக்கும். ஆனால், 100 கிராம் மோலாவில் 2,500 மைக்ரோகிராமுக்கும் அதிகமான வைட்டமின் ஏ இருக்கிறது. அதே குளத்தில் வளர்க்கப்படும் ரோகு, வெள்ளிக் கெண்டை போன்ற பெரிய மீன்களில் 30 மைக்ரோகிராம்கூடக் கிடைப்பதில்லை. மோலாவில் இந்தச் சத்தின் பெரும்பகுதி கண்ணிலும் குடலிலும்தான் உள்ளது. முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. இரும்பும் துத்தநாகமும் உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் பார்வையே போய்விடும். அரிசிச் சோறே பெரும்பகுதி உணவாக இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆனாலும், இந்த மீன் நெடுங்காலம் 'களை' என்றே கருதப்பட்டது. கெண்டைக் குஞ்சுகளை விடுவதற்கு முன், அவற்றின் தீனியைத் தின்றுவிடும் என்று சொல்லி, குளத்தில் மருந்து ஊற்றிச் சிறு மீன்களையெல்லாம் கொன்றார்கள். எடை கூடியது, சத்து போனது. எடையை மட்டும் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும்.

இந்தக் கணக்கை மாற்றியவர் சகுந்தலா தில்ஸ்டெட். டிரினிடாட் தீவில், கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழியில், 1949இல் பிறந்தவர். டாக்காவில் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளிடையே பணியாற்றியபோது, சின்ன மீன் கண்ணுக்கு நல்லது, உடம்புக்குத் தெம்பு என்று கிராமத்துப் பெண்கள் சொல்வதைக் கேட்டார். அதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்காமல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். பிறகு, கெண்டையையும் மோலாவையும் ஒரே குளத்தில் வளர்க்கும் முறைக்காக உழைத்தார். மோலா குளத்திலேயே இனப்பெருக்கம் செய்வதால் குஞ்சு வாங்க வேண்டியதில்லை. கெண்டையை விற்கலாம், மோலாவை அவ்வப்போது கொஞ்சம் பிடித்து வீட்டில் சமைக்கலாம். 2021இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவர் பணியாற்றிய உலக மீன் ஆய்வு மையத்தின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

மோலாவை மந்திர மருந்தாக நினைத்துவிடக் கூடாது. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்கு மோலாக் குழம்பு கொடுத்து நடத்திய ஒரு சோதனையில், எதிர்பார்த்த அளவுக்கு ரத்தத்தில் அந்தச் சத்து உயரவில்லை. மோலாவில் இருப்பது பெரும்பாலும் அந்த வைட்டமினின் வேறொரு வடிவம். உடல் அதை அவ்வளவு எளிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. கீரையும் முட்டையும் பழமும் கூடவே வேண்டும்.

சின்ன மீனுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய மீனைத் துண்டு போட்டால் நல்ல துண்டு யாருக்கு என்ற கேள்வி வரும். கடைசியில் அம்மாவுக்குக் குழம்பு மட்டும்தான் மிஞ்சும். சின்ன மீன் குழம்பிலோ, கரண்டி போகும் இடமெல்லாம் நாலு மீன் வரும்.