பள்ளித் தோழர்கள் எழுப்பிய சத்தம்

ஸ்டிக்மாட்டா என்ற பெயரை மட்டக்களப்பு மாவட்டத்தில் எங்கள் மாங்கேணிப் பக்கத்தில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கொழும்பில் பள்ளிக்கூட நாட்களிலேயே சுரேஷ் டி சில்வா, அன்ட்ரூ ஒபேசேகர, டெனிசன் நெப்போலியன் ஆகியோர் கூடித் தொடங்கிய றொக் குழு அது. சுரேஷ் பாட, மற்ற இருவரும் கிற்றார் வாசித்தார்கள்.

இப்படிப்பட்ட குழுக்களின் மூதாதையரை அமெரிக்காவில் தேடலாம். வீட்டுக் கார்க் கொட்டகைகளில் பெடியள் பழகியதால் 'கராஜ் றொக்' என்று பெயர் பெற்ற இசை அது. ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பள்ளித் தோழர்கள் தொடங்கிய 'கிங்ஸ்மென்' 1963இல் மலிவாக ஒலிப்பதிவு செய்த 'லூயி லூயி', பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. பாட்டின் சொற்கள் அவ்வளவு தெளிவில்லாமல் இருந்ததால், ஆபாசம் இருக்கிறதோ என்று எஃப்பிஐ விசாரணையே நடத்தியது! தேர்ச்சி குறைந்த கைகளிலும் அத்தனை உயிர் இருந்தது.

ஸ்டிக்மாட்டாவின் மெற்றல் இசை அதைவிடக் கனமானது, சிக்கலானது. 2003இல் முதல் இறுவட்டு 'ஹொலோ ட்ரீம்ஸ்'. பிறகு 2006, 2010, 2015 என மேலும் மூன்று. மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் என்று இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. ட்ரம்ஸ், பேஸ் வாசித்தவர்கள் மாறினார்கள். சிங்களப் பாட்டும் பைலாவும் ஆளும் சந்தையில், ஆங்கிலத்தில் மெற்றல் பாடிக்கொண்டு இத்தனை காலம் ஒரு குழு நின்றது எனக்குப் பெரிய காரியமாகவே படுகிறது.

அவர்களின் இரண்டாவது இறுவட்டு வந்த அதே 2006இன் கடைசி மாதங்களில், மாங்கேணிக்கு வடக்கே வாகரைச் சனம் உள்நாட்டுப் போரின் ஷெல்லடிக்கு அஞ்சி மட்டக்களப்பு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு சுனாமி. ஒரு குழு உருவாக, ஒரே வகுப்பில் இருந்த நாலு பேர் ஒரே ஊரில் சில வருடங்களாவது சேர்ந்திருக்க வேண்டும். எங்கள் பெடியளுக்கு முதலில் பறிபோனது அதுதான். திறமை இல்லாமல் போகவில்லை. கோயில் திருவிழாவில் பறை அடிக்கும் கைகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

இப்போது சண்டை இல்லை. கிற்றாரைக் கடன்வாங்கியாவது பழகலாம், பாட்டைக் கைத்தொலைபேசியிலேயே பதியலாம். இடம்தான் வேண்டும். சனி, ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கும் பள்ளி மண்டபத்தின் திறப்பை அதிபர்மார் இந்தப் பிள்ளைகளிடம் கொடுக்கட்டும். சத்தம் கூடினால் அயலவர் இரண்டு மணித்தியாலம் பொறுத்துக்கொள்ளலாம்.