வண்ணமீன் வளர்ப்பு: ஆர்.ஓ. இயந்திரம் வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள்!

சென்னை கொளத்தூரைப் பார்த்து, பல மாவட்டங்களில் விவசாயிகளும் மகளிர் குழுவினரும் வீட்டுத் தோட்டத்திலேயே தொட்டி அமைத்து வண்ணமீன் வளர்க்கின்றனர். தொடங்கிய சில வாரங்களில் மீன்கள் செத்து மிதந்தால், 'தண்ணீர் சரியில்லை' என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிவிடுகின்றனர். சிலருக்கு அது தேவையே இல்லை. சிலர் தேவைக்குப் பொருந்தாத இயந்திரத்தை வாங்கி, பணத்தையும் மீனையும் சேர்த்து இழக்கின்றனர்.

முதலில் பரிசோதனை

தண்ணீரின் கார அமிலநிலை (பி.எச்.), மொத்தக் கரைந்த உப்புகள் (டி.டி.எஸ்.), கடினத்தன்மை, இரும்பு ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால், அது உப்பின் மொத்த அளவை மட்டுமே காட்டும். கடினத்தன்மைக்குத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடித்த உடனே பி.எச். பார்க்கக் கூடாது. 24 மணி நேரம் காற்றூட்டிய பிறகு பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

தண்ணீருக்கு ஏற்ற மீன்

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களுக்குக் கடினத்தன்மையுள்ள, சற்றுக் காரமான நீரே ஏற்றது. பொன்மீன், கோய் கெண்டையும் ஓரளவு கடின நீரில் நன்கு வளரும். கிணற்று நீர் இப்படி இருந்தால், இந்த இனங்களைத் தேர்வு செய்வதே லாபம், ஆர்.ஓ. தேவையில்லை. டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்றவற்றின் இனப்பெருக்கத்துக்கு மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும். அப்போதுதான் ஆர்.ஓ. பற்றி யோசிக்க வேண்டும்.

எந்தப் பிரச்சினைக்கு எது?

கலங்கல், இரும்பு: நீரைக் காற்றூட்டினால் இரும்பு செம்பழுப்பு நிறத்தில் படியும். ஒரு நாள் தெளியவைத்து, மணல் வடிகட்டி வழியாக எடுத்தால் போதும்.

குளோரின்: குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், மிகக் குறைந்த அளவிலேயே மீனின் செவுள்களைப் பாதிக்கும். திறந்த தொட்டியில் 24 மணி நேரம் காற்றூட்டினால் வெளியேறிவிடும். கரி வடிகட்டியும் பயன்படுத்தலாம். அவசரத்துக்கு சோடியம் தயோசல்பேட் போடலாம். 1,000 லிட்டர் நீரில் 1 பி.பி.எம். குளோரின் இருந்தால் சுமார் 7 கிராம் தேவைப்படும்.

கிருமிகள்: புற ஊதா விளக்குக் கருவி கிருமிகளையும் நீரில் மிதக்கும் பாசியையும் கட்டுப்படுத்தும். உப்பைக் குறைக்காது.

கடின நீர்: வீடுகளுக்கு விற்கப்படும் 'சாஃப்ட்னர்', கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைச் சேர்க்கும். டி.டி.எஸ். குறையாது. மென்நீர் மீன்களுக்கு இது தீர்வாகாது.

அதிக உப்பு: ஆர்.ஓ. மட்டுமே கரைந்த உப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் நீக்கும். அதன் சவ்வைக் குளோரின் கெடுத்துவிடும், இரும்பு அடைத்துவிடும். எனவே, மணல், கரி வடிகட்டிகளைச் சவ்வுக்கு முன்னால் பொருத்துவது அவசியம்.

கலந்து பயன்படுத்துங்கள்

ஆர்.ஓ. நீரை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. தாதுக்கள் இல்லாததால் பி.எச். திடீரெனச் சரிந்து மீன்கள் பாதிக்கப்படும். கிணற்று நீரின் டி.டி.எஸ். 1,000, ஆர்.ஓ. நீரில் 50, நமக்குத் தேவை 300 என வைத்துக்கொள்வோம். 100 லிட்டருக்கு 26 லிட்டர் கிணற்று நீரும் 74 லிட்டர் ஆர்.ஓ. நீரும் கலந்தால் சரியாக இருக்கும். பழைய நீரை ஒரேயடியாக மாற்றாமல், சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் 1 லிட்டர் நல்ல நீருக்குச் சுமார் 3 லிட்டர் கழிவுநீர் வெளியேறும். மேற்கண்ட கிணற்று நீரானால், கழிவின் டி.டி.எஸ். 1,300 அளவில் இருக்கும். அதைத் தொட்டி கழுவவும் தென்னைக்கும் பயன்படுத்தலாம். காய்கறிப் பாத்திகளுக்குப் பாய்ச்ச வேண்டாம்.

மழைநீர் எனும் மாற்று

மழைநீரும் மென்நீரே. 1,000 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழும். முதல் மழை நீரை வெளியேற்றிவிட்டு, பின்னர் வருவதை மூடிய தொட்டியில் சேமித்தால் இயந்திரச் செலவு குறையும். இதையும் கிணற்று நீருடன் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

இயந்திரம் செய்யாத வேலை

மீன் கழிவிலும் மிச்சத் தீவனத்திலும் உருவாகும் அம்மோனியாதான் பல இறப்புகளுக்குக் காரணம். வெளியே இருந்து எவ்வளவு சுத்தமான நீர் வந்தாலும், தொட்டிக்குள் உருவாகும் அம்மோனியாவை அது தடுக்காது. அதை நுண்ணுயிர் வடிகட்டிதான் மாற்ற வேண்டும். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை குறைவாக மீன் விட்டு, அளவாகத் தீவனம் இட வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டி நீரிலேயே அலச வேண்டும்.

இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், நீர்ப் பரிசோதனை முடிவுடன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம்.