பெரிய சிவப்புப் பையா, சிவப்புப் பெரிய பையா? ஆங்கிலத்தில் பெயரடைகளின் வரிசை

முதலாம் படிவத்தில் படித்தபோது ஆங்கிலக் கட்டுரையில் 'எ ரெட் பிக் பேக்' என்று எழுதினேன். ஆசிரியர் வட்டமிட்டு, 'எ பிக் ரெட் பேக்' என்று திருத்தித் தந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பலர் கேட்காமலே விட்ட கேள்வி இது.

தமிழில் 'பெரிய சிவப்புப் பை' என்றாலும் 'சிவப்பு நிறப் பெரிய பை' என்றாலும் யாரும் தவறு என்று சொல்வதில்லை. மலாயிலோ 'பாஜு மேரா' என்பதுபோல் பெயர் முன்னால் வரும், நிறம் பின்னால் வரும். இந்த இரண்டு பழக்கங்களோடும் ஆங்கிலம் எழுதும் பிள்ளை தடுமாறுவது இயல்பு. அது அறிவுக் குறை அல்ல.

ஆங்கிலத்தில் பொதுவான வரிசை இதுதான்:

1. நம் கருத்து (லவ்லி)
2. அளவு (பிக்)
3. வயது (ஓல்ட்)
4. வடிவம் (ரவுண்ட்)
5. நிறம் (பிளாக்)
6. நாடு (இந்தியன்)
7. செய்பொருள் (பிராஸ்)
8. பயன் (குக்கிங்)

வீட்டுக் குத்துவிளக்கை 'எ லவ்லி ஓல்ட் இந்தியன் பிராஸ் லேம்ப்' என்போம். சமையல் பானை 'எ பிக் ரவுண்ட் பிளாக் குக்கிங் பாட்' ஆகும். எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும்: 'டூ பிக் ரெட் பேக்ஸ்'.

எட்டையும் மனப்பாடம் செய்ய முடியாவிட்டால் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். பொருளை விட்டுப் பிரிக்க முடியாத தன்மை பெயருக்கு அருகில் நிற்கும். ஆளுக்கு ஆள் மாறும் கருத்து தூரத்தில் நிற்கும். விளக்கு அழகா இல்லையா என்று வாதாடலாம். அது பித்தளை என்பதில் வாதம் இல்லை.

ஆங்கிலேயர்களும் இதை விதியாகப் படிப்பதில்லை, காதால் பழகுகிறார்கள். எழுத்தாளர் டோல்கீன் ஏறக்குறைய ஏழு வயதில் டிராகன் கதை எழுதியபோது 'கிரீன்' என்பதை 'கிரேட்' என்பதற்கு முன்னால் போட்டுவிட்டார். அப்படிச் சொல்லக்கூடாது என்று தாயார் திருத்தினார். காரணம் தனக்கு இன்னும் புரியவில்லை என்று 1955-இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

விதிவிலக்கும் உண்டு. கதையில் வரும் ஓநாய் 'பிக் பேட் உல்ஃப்'. கருத்துச் சொல்லான 'பேட்' அங்கே பின்னால் வருகிறது. அந்த ஓசைக்குக் காது பழகிவிட்டது.

தேர்வில் எட்டையும் அடுக்க வேண்டாம், இரண்டு மூன்று போதும். இன்றிரவு சாப்பிடும்போது தட்டையோ குவளையோ காட்டி, இரண்டு பெயரடைகளோடு சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை தவறினால் திருத்துவதோடு நிறுத்தாமல், காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள்.