ஐயுற்றோரும் ஆண்டவரும்

தோமாவைச் 'சந்தேகத் தோமா' என்றழைப்பது நம் பிரசங்க பீடங்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலையிலோ, ஈட்டியால் குத்துண்டு மரித்த இரத்தசாட்சியாக அவர் நினைக்கப்படுகிறார். இது பாரம்பரியமேயன்றிச் சரித்திர நிரூபணம் பெற்றதன்று. ஆயினும், காயத்தைக் காணவேண்டுமென்று கேட்டவரே காயப்பட்டு மரித்தார் என அது கூறுவது சிந்திக்கத்தக்கது. ஐயுற்றவர் எங்ஙனம் சாட்சியானார்?

யோவான் 20:24-29ஐ உற்று நோக்குவோம். காணாவிடில் விசுவாசியேன் என்று வெளிப்படையாய்க் கூறிய தோமா, எட்டு நாளைக்குப் பின்னும் சீஷரோடேயே இருந்தார். அவர்கள் அவரை விலக்கவில்லை, அவரும் விலகிப்போகவில்லை. ஆண்டவர் அவரைச் சந்தித்தது அந்த ஐக்கியத்தினுள்ளேயே. அவர் முதலாவது காட்டியது தம் கைகளை. கடிந்துரை பின்னரே வந்தது.

மத்தேயு இவ்வரிசையை மேலும் தெளிவாக்குகிறார். ஐயுறுதலைக் குறிக்க அவர் ஆளும் கிரேக்க வினைச்சொல் 'திஸ்தாட்சோ' என்பது. இருபால் இழுக்கப்படும் மனநிலையை உணர்த்தும் இச்சொல், புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, கடலில் அமிழ்ந்த பேதுருவிடம் இயேசு கேட்ட கேள்வி (14:31). மற்றொன்று, உயிர்த்த ஆண்டவரைப் பணிந்துகொண்ட வேளையிலே சிலர் ஐயுற்றமை (28:17). முன்னதில், உடனே கைநீட்டிப் பிடித்த பின்னரே அவர் கேள்வியைக் கேட்டார். பின்னதில், ஐயுற்றோரைப் பிரித்து நிறுத்தாமல் பதினொருவரிடமும் தம் கட்டளையை ஒப்புவித்தார். ஆகவே ஐயம், பணிந்துகொள்ளும் நெஞ்சிலும் தோன்றக்கூடிய தத்தளிப்பேயாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாளாகிய ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை மாமல்லபுரம், கல்பாக்கம் கரையோரத்தைத் தாக்கிற்று. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளிப்பட்டன. பின்பு அலை எழும்பிற்று. கலிலேயாக் கடலை அதட்டி அமர்த்தியவர் அன்று ஏன் அதட்டவில்லை என்று, பிள்ளையைப் பறிகொடுத்தோர் கேட்டால் வியப்பென்ன? அவர்களிடம் 'சோதனை' என்றும் 'தண்டனை' என்றும் உடனே விடை கூறும் போதகர், கையை நீட்டாமலே கடிந்துகொள்பவராவார்.

ஐயத்தைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆண்டவர் பேதுருவிடம் கேள்வி கேட்கவே செய்தார். ஆனால் அமிழ்ந்துபோன பேதுரு கூப்பிட்டது அவரையே. தன் அவிசுவாசத்தையும் மறையாமல் அவரிடம் கொண்டுவந்த தகப்பனின் மகன் சுகம் பெற்றான் (மாற்கு 9:24). அவரை நோக்கிக் கூப்பிடும் ஐயம் ஜெபத்திற்கு அயலானதன்று.

ஆகையால், விடை கூற ஆயத்தப்படும் இறையியல் மாணவர் முதலாவது கைநீட்டக் கற்கவேண்டும். ஐயுறுவோரை எட்டு நாளேனும் தன் நடுவே தாங்கி வைத்திருக்கும் சபையிலன்றோ தோமாக்கள் சாட்சிகளாக எழும்புவர்!